புது ஆம்ப் தெளிவாகக் கேட்கிறதா, சத்தமாகக் கேட்கிறதா?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 5200–1943 டிரான்சிஸ்டர் வைத்த ஸ்டீரியோ போர்டு ஒன்றை வாங்கி, 24-0-24 டிரான்ஸ்பார்மர் சுற்றக் கொடுத்து, வீட்டிலேயே ஆம்ப் கட்டியிருக்கிறார். போர்டு விற்றவர் "200 வாட், டிஸ்டார்ஷன் 0.01 சதவீதம்தான்" என்று சொல்லிக் கொடுத்தாராம்; டிஸ்டார்ஷன் என்றால் ஆம்ப் ஒலியைச் சிதைக்கும் அளவு. ஆனால் மச்சான் வீட்டிலிருக்கும் கம்பெனி ஆம்ப்பில் அதே பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கிறதாம். தன் ஆம்ப் சுத்தம்தானா, நடுவில் ஒரு ஆம்ப் இருப்பதே தெரியாத அளவுக்கு டிரான்ஸ்பரன்டா என்று எப்படிச் சோதிப்பது, அதற்கு, அலையைத் திரையில் காட்டும் சிஆர்ஓ கருவியை வாங்கியே ஆகவேண்டுமா என்பது கேள்வி.

சிஆர்ஓ இல்லாமலேயே முக்கால்வாசி தூரம் போகலாம். அதற்கு முன்னால் மச்சான் வீட்டில் கேட்டதை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள் தம்பி. அது வேறு அறை, வேறு ஸ்பீக்கர் பாக்ஸ், வேறு வால்யூம். அங்கிருந்து வண்டியில் வீடு வந்து சேர்வதற்குள் காது கேட்டதில் பாதியை மறந்திருக்கும், மீதியை மனசு நிரப்பியிருக்கும்.

நான் தொழில் கற்றது மதுரையில் ஒரு மைக் செட் கடையில். 2என்3055 டிரான்சிஸ்டர் காலம் அது. ரிப்பேருக்கு வந்த ஆம்ப்பை வாடிக்கையாளர் எடுக்க வரும்போது, முதலாளி முதலில் கடையில் கிடக்கும் ஒரு ஆம்ப்பைப் போட்டுக் காட்டுவார். அப்புறம் வந்தவருடையதைப் போடுவார், வால்யூமைத் துளியூண்டு தூக்கி. "பாத்தீங்களாண்ணே, எப்படித் தெளிஞ்சிருக்கு!" என்பார். வந்தவர் முகம் மலர்ந்துவிடும். அரை டெசிபல் கூடினால் அது காதுக்கு 'சத்தம் கூட' என்று தெரிவதில்லை; 'தெளிவு கூட' என்றுதான் தெரிகிறது. இதை அந்த முதலாளி எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. உலகம் முழுக்க ஆடியோ ஷோரூம்களில் நடக்கிற வியாபாரத்தில் பாதி இதுதான். ஆகவே இரண்டு ஆம்ப்பை ஒப்பிடுவதாக இருந்தால் அவுட்புட் அளவை 0.1 டெசிபலுக்குள், அதாவது வோல்டேஜில் ஒரு சதவீதத்துக்குள் சமமாக்காமல் எந்த முடிவும் சொல்லக் கூடாது. அதை எப்படிச் செய்வது என்று பின்னால் வருகிறேன்.

முதலில் 0.01 சதவீதக் கதை. டிஎச்டி என்று போடும் எண், ஒரே ஒரு சுத்தமான ஸைன் அலையை உள்ளே கொடுத்து, வெளியே வருவதில் அந்த அலையை எடுத்துவிட்டால் மிஞ்சும் ஹார்மோனிக்குகள் (அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஃப்ரீக்வன்சியில் முளைப்பவை) எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. 1 சதவீதம் என்றால் மிச்சம் 40 டெசிபல் கீழே. 0.1 என்றால் 60, 0.01 என்றால் 80. எண் பொய் இல்லை. எந்த வாட்டில், எந்த ஃப்ரீக்வன்சியில், எந்த லோடில் அளந்தது என்று சொல்லாவிட்டால் அதற்கு அர்த்தமும் இல்லை. அந்த 200 வாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 24 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால் லோடு இல்லாமல் 33 வோல்ட் சொச்சம் கிடைக்கும். லோடு ஏறினால் அது சரியும். டிரான்சிஸ்டர்கள் தங்கள் பங்குக்கு இரண்டு மூன்று வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் 28 வோல்ட் பீக்கை 8 ஓமில் போட்டால் 50 வாட் பக்கம் வரும், அவ்வளவுதான். சாயங்காலம் ஊரே மோட்டார் போடும் நேரத்தில் லைன் 230-லிருந்து 200-க்கு இறங்கினால் அதிலும் கால்வாசி போய்விடும். போர்டின் மேல் அச்சடித்த 200 வாட்டுக்கு உங்கள் டிரான்ஸ்பார்மர் பொறுப்பில்லை.

ஆக, பெரிய சத்தத்தில் ஆம்ப் எங்கே முட்டுகிறது என்பது ஒரு சோதனை. கோயில் திருவிழாவில் கூம்புக் குழாய் கிழிவது நமக்கெல்லாம் பழகிய சத்தம். அலையின் தலை சப்ளை வோல்டேஜில் இடித்துத் தட்டையாகிறது. அது எவருக்கும் தெரியும். வீட்டில் கேட்பவனுக்குத் தெரிய வேண்டியது எதிர்ப்பக்கத்தில், மிகச் சின்ன சத்தத்தில் இருக்கிறது. சாதாரண பாக்ஸ் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் பக்கம் தரும். அதுவே சாப்பாட்டு நேரத்தில் பேச்சை நிறுத்தவைக்கும் சத்தம். நீங்கள் ராத்திரி கேட்பதெல்லாம் பத்தில் ஒரு வாட், நூறில் ஒரு வாட்டில்தான்.

இதை நான் அசட்டுத்தனமாகத்தான் கற்றுக்கொண்டேன். பல வருஷங்களுக்கு முன் எஸ்.எஸ். காலனியில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மாவுக்கு ஆம்ப் கட்டிக் கொடுத்தேன். தம்புரா பதிவை மெதுவாக ஓடவிட்டுப் பிள்ளைகள் பாடுவார்கள். ஒரு வாரத்தில் கூப்பிட்டார்: "சுருதியோட ஓரத்துல மணல் உரசுற மாதிரி இருக்கு." நான் ஒத்துக்கொள்ளவில்லை. 30 வாட்டில் சிஆர்ஓவில் பார்த்து, பளிங்கு மாதிரி இருக்கிறது என்று திருப்தியாகக் கொடுத்த ஆம்ப் அது. திரும்பக் கொண்டுவந்து, அவர் கேட்கும் அளவுக்கு வால்யூமைக் குறைத்துப் பார்த்தால், அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு சின்னப் படிக்கட்டு. கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன். சித்திரை வெயிலில் ஹீட் சிங்க் சூடாகிறதே என்று பயந்து பயாஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடவிடும் சின்னக் கரண்ட்டை, குறைத்து வைத்திருந்தேன். மேல் டிரான்சிஸ்டர் வேலையை விட்ட பிறகு கீழ் டிரான்சிஸ்டர் எடுத்துக்கொள்ள ஒரு கணம் தாமதம். அந்த இடைவெளிதான் மணல். 30 வாட்டில் அது பெரிய அலைக்குள் ஒளிந்துகொள்ளும். சத்தம் குறையக் குறைய இடைவெளி அப்படியே நிற்கும், அலை மட்டும் சிறுத்துவிடும். சதவீதம் ஏறிக்கொண்டே போகும். அந்த அம்மா காதை நம்பாமல் என் கருவியை நம்பியதில் தவறில்லை, அவர் கேட்ட வால்யூமில் வைத்துப் பார்க்காததுதான் தவறு.

உங்கள் போர்டில் முதல் வேலை இதைப் பார்ப்பது. அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்குப் பக்கத்தில் வெள்ளைச் செங்கல் மாதிரி எமிட்டர் ரெசிஸ்டர்கள் இருக்கும், பெரும்பாலும் 0.22 அல்லது 0.33 ஓம். பாட்டு ஓடாமல், ஸ்பீக்கர் இல்லாமல், ஒரு ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். 0.33 ஓமில் 15 மில்லிவோல்ட் என்றால் 45 மில்லிஆம்ப் ஓடுகிறது, நல்லதுதான். ஒன்று இரண்டு மில்லிவோல்ட்தான் என்றால் பட்டினி போட்டிருக்கிறார்கள். ப்ரீசெட் (திருகும் சின்ன ரெசிஸ்டர்) இருந்தால் மெல்லத் திருகி ஏற்றுங்கள். இருபது நிமிஷம் சூடான பிறகு மறுபடி பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் பயாஸ் டிரான்சிஸ்டர் ஹீட் சிங்க்கைத் தொடாமல் போர்டில் அந்தரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மலிவு போர்டுகளில் அது அடிக்கடி அப்படித்தான் நிற்கும். இந்த வேலையெல்லாம் செய்யும்போது மெயினில் 100 வாட் குண்டு பல்பு கோத்த சீரிஸ் போர்டு இருக்கட்டும். கை தவறினால் பல்பு எரியும், டிரான்சிஸ்டர் எரியாது. டிஸ்டார்ஷன் அளக்கும்போது மட்டும் சீரிஸ் பல்பை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பல்பின் சரிவைத்தான் அளப்பீர்கள்.

ஏன் அந்த மணல் மட்டும் அவ்வளவு உறுத்தியது? ஹார்மோனிக்குகளைச் சங்கீத ஆட்களுக்குச் சொல்கிற மாதிரிச் சொல்கிறேன். ஆதார ஸட்ஜத்தை ஒரு சுத்தமான அலையாகக் கொடுத்தால் இரண்டாவது ஹார்மோனிக் மேல் ஸட்ஜம். மூன்றாவது அதற்கு மேல் பஞ்சமம். ஐந்தாவது அந்தர காந்தாரம். நல்ல தம்புராவில் தானாக எழுகிறதே, அதே காந்தாரம். இவையெல்லாம் பாட்டுக்கு உறவுக்காரர்கள். ஆம்ப் இவற்றில் கொஞ்சம் கூட்டினால் குரலோ நாதஸ்வரமோ ஏற்கெனவே வைத்திருப்பதோடு கலந்துவிடும். பலருக்கு அது 'கனமான சத்தம்' என்று பிடிக்கவும் செய்யும். வால்வ் ஆம்ப்பின் மேல் ஆசைப்படுகிறவர்களில் பலர் ஆசைப்படுவது இந்த இரண்டாவது ஹார்மோனிக்கின் மேல்தான். ஏழாவது, கைசிகி நிஷாதத்துக்கு இறங்கினாற்போல் விழும். பதினொன்றாவது இரண்டு மத்யமங்களுக்கும் நடுவில் எங்கோ விழும். எந்த ராகத்திலும் சேராது. கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் இந்த மாதிரி உயர்ந்த ஒற்றைப்படை ஹார்மோனிக்குகளாக வாரி இறைக்கிறது. அதனால்தான் 1950-லேயே பிபிசியின் பொறியாளர் ஷார்ட்டர், எல்லா ஹார்மோனிக்கையும் ஒரே தட்டில் நிறுக்காமல், ஹார்மோனிக்கின் எண்ணை வர்க்கப்படுத்தி நான்கால் வகுத்து அந்த எடையைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். அந்தக் கணக்கில் பத்தாவது ஹார்மோனிக்குக்கு இரண்டாவதைப்போல 25 மடங்கு எடை. பெட்டியில் அச்சடிக்கும் ஒற்றை எண் இந்த வித்தியாசம் எதையும் சொல்லாது.

இரண்டு சுரம் சேர்ந்து ஒலிக்கும்போது வருவது இன்னும் மோசம். அவற்றின் கூட்டலும் கழித்தலும் தனித்தனிச் சத்தமாக முளைக்கும். அவை எந்தச் சுரத்துக்கும் சொந்தமில்லை. இதைச் சோதிக்க 19,000 ஹெர்ட்ஸையும் 20,000 ஹெர்ட்ஸையும் சம அளவில் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டும் என் வயசுக்காரன் காதுக்குக் கேட்கவே கேட்காது. ஆம்ப் சுத்தமில்லாவிட்டால் வித்தியாசமான 1,000 ஹெர்ட்ஸ், விசில் மாதிரி எழும்பும். கேட்காத இரண்டிலிருந்து கேட்கிற ஒன்று! ஸ்பீக்கரில் போட்டுச் சத்தம் கூட்டி இதைச் செய்யாதீர்கள். ட்வீட்டர் கருகும், போதாததற்கு ட்வீட்டரே அந்த விசிலைத் தயாரித்துவிட்டு ஆம்ப் மேல் பழி போடும். டம்மி லோடில், அதாவது ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டரில், அளப்பதுதான் சரி.

டம்மி லோடுக்கு அலுமினியக் கூடு போட்ட 8 ஓம் 100 வாட் ரெசிஸ்டர் கடையில் கிடைக்கும். கிடைக்காத காலத்தில் நாங்கள் வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் ராடுகளை வைத்துச் சமாளித்தோம். 1500 வாட் ராடு ஒன்று சுமார் 35 ஓம். நான்கை இணையாகக் கட்டினால் 9 ஓமுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு வாளித் தண்ணீரில் நான்கையும் தொங்கவிட்டால் எவ்வளவு வாட் வேண்டுமானாலும் குடிக்கும். அந்தக் கம்பிகளை மட்டும் மறந்தும் சுவர் பிளக்கில் செருகிவிடாதீர்கள்.

அளப்பதற்கு, லைன்-இன் உள்ள ஒரு யுஎஸ்பி ஆடியோ கார்டும் லேப்டாப்பும் போதும். லேப்டாப்பின் மைக் ஓட்டை இதற்கு ஆகாது. ஆர்இடபிள்யூ என்ற மென்பொருள் இலவசம். ஸைன் அலையும் அதுவே கொடுக்கும், ஹார்மோனிக்குகளைத் திரையில் செங்குத்துக் கோடுகளாக, கம்பி கம்பியாகப் பிரித்தும் காட்டும். முதலில் கார்டின் அவுட்புட்டை அதன் இன்புட்டுக்கே கம்பி போட்டுப் பாருங்கள். அங்கே வரும் எண்தான் உங்கள் தராசின் முள் பிசகு. அதைவிடச் சுத்தமான ஆம்ப்பை அதனால் அளக்க முடியாது. பிறகு ஆம்ப்பின் அவுட்புட்டை 22 கே, 1 கே ரெசிஸ்டர்களால் இருபத்துமூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக் கார்டுக்குக் கொடுங்கள். குறைக்காமல் கொடுத்தால் கார்டு போய்விடும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், பாதி ஹம் (மின்சார ரீங்காரம்) அங்கேயே நின்றுவிடும். மிஞ்சுகிற ஹம்மையும் படிக்கலாம். 50 ஹெர்ட்ஸில் கம்பி உயர்ந்து நின்றால் எர்த் சுற்று அல்லது டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஓடும் இன்புட் ஒயர். 100 ஹெர்ட்ஸில் நின்றால் ரெக்டிஃபையர் பக்கம், ஃபில்டர் கண்டென்சர் அல்லது கிரவுண்ட் எடுத்த இடம். மச்சானுக்குத் தெளிவாகக் கேட்டது இந்த ஹம் இல்லாததாலாகவும் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் போர்டுக்கு இது பொருந்தாது. இப்போது எல்லாரும் வாங்கும் சின்ன கிளாஸ் டி போர்டுகளுக்குப் பொருந்தும். அவற்றில் பலவற்றில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல் இருக்கும்; மைனஸ் முனை கிரவுண்ட் இல்லை. அதில் கார்டின் கிரவுண்டையோ சிஆர்ஓ கிளிப்பையோ மாட்டினால் போர்டு அங்கேயே புகைந்துவிடும். பையன்கள் கொண்டுவந்து கொட்டும் செத்த போர்டுகளில் கணிசமானவை இப்படிச் சோதிக்கப் போய்ச் செத்தவை.

0.05 வாட், 1 வாட், 10 வாட், கடைசியாக முட்டும் இடம் என்று நான்கு இடத்தில் எடுங்கள். 8 ஓமில் 1 வாட் என்பது 2.83 வோல்ட்; 0.05 வாட் என்பது 0.63 வோல்ட். எண்ணைவிடக் கம்பிகளின் வரிசையைப் பாருங்கள். இரண்டும் மூன்றும் உயர்ந்து, அப்புறம் மளமளவென்று இறங்கினால் நிம்மதியாகத் தூங்கலாம். சீப்புப் பல் மாதிரி ஏழு, ஒன்பது, பதினொன்று என்று நீண்டுகொண்டே போனால் பயாஸுக்குத் திரும்பிப் போங்கள்.

1970-களில் ஃபின்லாந்தின் மாட்டி ஒட்டாலா டிஐஎம் என்று ஒன்றைச் சொல்லி எல்லாரையும் கலங்கடித்தார். சத்தம் திடீரென்று எகிறும்போது ஆம்ப்பின் வேகம் போதாமல் தடுமாறுவது. 8 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப், 20,000 ஹெர்ட்ஸிலும் முழுதாகக் கொடுக்க மைக்ரோ செகண்டுக்கு 5 வோல்ட் வேகம் இருந்தால் போதும். இன்றைய டிரான்சிஸ்டர்களில் அது ஒரு பிரச்சினையே இல்லை. விட்டுவிடுங்கள்.

இனி டிரான்ஸ்பரன்ட் விஷயம். டிஸ்டார்ஷன் குறைவாக இருந்தும் இரண்டு ஆம்ப் வேறு வேறாகக் கேட்குமா என்றால், கேட்கலாம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், ஃப்ரீக்வன்சி ரெஸ்பான்ஸ், அதாவது பாஸிலிருந்து ட்ரெபிள்வரை எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருக்குகிறதா என்பது. எட்டு ஓம் என்று எழுதிய பாக்ஸ் எட்டு ஓமாக இருப்பதே இல்லை. ஒரு இடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், பாஸ் ரெசொனன்ஸில் 30 ஓமுக்கு ஏறும். ஆம்ப்பின் உள் ரெசிஸ்டன்ஸ் 2 ஓம் இருந்தால், ஃபீட்பேக் குறைந்த வால்வ் ஆம்ப்பில் அது சகஜம், இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே சுமார் 3 டெசிபல் மேடு பள்ளம் வரும். உங்கள் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் உள் ரெசிஸ்டன்ஸ் 0.05 ஓம் என்றால் அதே இரண்டு இடத்துக்கும் 0.1 டெசிபல்தான் வித்தியாசம். 3 டெசிபல் மேடு எந்தக் காதுக்கும் தெரியும், அது டிஸ்டார்ஷன் இல்லை. ஆகவே ரெஸ்பான்ஸை ரெசிஸ்டர் மேல் மட்டும் அளக்காமல் உங்கள் பாக்ஸை மாட்டியே அளங்கள்.

அதைவிட எளிய காரணமும் உண்டு. உங்கள் போர்டுக்கு முன்னால் 4558 ஐசி வைத்த பாஸ்–ட்ரெபிள் போர்டு போட்டிருப்பீர்கள், போடாமல் எவரும் இருப்பதில்லை. பீட்டர் பாக்ஸண்டால் 1952-இல் கொடுத்த சர்க்யூட்டின் பேரப்பிள்ளை அது. குமிழ் நடுவில் நின்றால் ரெஸ்பான்ஸ் நேராக இருக்கும் என்று நினைக்கிறோம். மலிவு குமிழில் நடு என்பது நடுவில் இருப்பதில்லை. சோதனைக்கு அந்தப் போர்டைக் கழற்றிவிட்டு நேராக ஆம்ப்புக்குக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

பாக்ஸண்டாலை இழுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. எனக்குப் பிடித்த சோதனையை எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர்: கழித்துப் பார்ப்பது. நல்ல ஆம்ப் என்பது நேரான கம்பி, கூடப் பெருக்கல் என்று ஆடியோக்காரர்கள் சொல்வார்கள். அப்படியானால் அவுட்புட்டைப் பெருக்கிய அளவுக்கே திரும்பக் குறைத்து, இன்புட்டை அதிலிருந்து கழித்தால் ஒன்றும் மிஞ்சக் கூடாது. மிஞ்சுவதுதான் ஆம்ப் தன் பங்குக்குச் சேர்த்தது. ஸைன் அலை தேவையில்லை, உங்களுக்குப் பிடித்த பாட்டையே ஓடவிடலாம், ஓடுகிற ஸ்பீக்கரையே லோடாக வைக்கலாம். யோசித்துப் பார்த்தால் ஆம்ப்புக்குள்ளேயே நடப்பதும் இதுதான். 1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலையில் பெல் லேப்ஸுக்கு வேலைக்குப் போகிற வழியில், ஹட்ஸன் ஆற்றைக் கடக்கும் படகில் நின்றபடி, ஹெரால்ட் பிளாக் கையிலிருந்த செய்தித்தாளில் கிறுக்கியது நெகட்டிவ் ஃபீட்பேக். அவுட்புட்டில் ஒரு பங்கை எடுத்து இன்புட்டிலிருந்து கழி, பிழை தானே திருத்திக்கொள்ளும். நாம் வெளியே நின்று அதே கழித்தலைச் சரிபார்க்கிறோம்.

1980-களில் அமெரிக்காவின் டேவிட் ஹாஃப்லர் தன் ஆம்ப்புகளை இந்த முறையில் சோதித்துப் பார்க்கச் சொல்லியே விற்றார். 1985-இல் பாப் கார்வர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் கொடுத்த விலையுயர்ந்த வால்வ் ஆம்ப் ஒன்றையும் தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்பையும் ஒன்றுக்கு ஒன்று கழித்துக் கழித்து, தன்னுடையதைத் திருத்திக்கொண்டே வந்து, மிச்சத்தை 70 டெசிபல் கீழே கொண்டுபோனார். அப்புறம் அந்தப் பத்திரிகைக்காரர்களாலேயே எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்று இதற்குச் சாலிடரிங் கூட வேண்டாம். ஒரு பாட்டைக் கார்டிலிருந்து நேர்க்கம்பியில் பதிவு செய்யுங்கள். அதே பாட்டை ஆம்ப் வழியாக, ஸ்பீக்கர் மாட்டிய நிலையில், அந்த 22 கே – 1 கே குறைப்பான் வழியாகப் பதிவு செய்யுங்கள். டெல்டாவேவ் என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் கொடுத்தால் அளவையும் நேரத்தையும் பொருத்திக் கழித்து மிச்சத்தைக் காதால் கேட்கவே தரும். முதல் தடவை கேட்கும்போது சிலிர்க்கும். நல்ல ஆம்ப்பில் கொஞ்சம் இரைச்சல், அதற்குள் எங்கோ ஹம். மோசமானதில் பாட்டின் பேய் ஒன்று, சகாரம் ஷகாரம் எல்லாம் உடைந்து, தாளத்தில் மட்டும் வந்துபோகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மிச்சம் பெரிதாக இருப்பதாலேயே ஆம்ப் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பதிவுக்கும் 0.1 டெசிபல் வித்தியாசம் இருந்தாலே மிச்சம் 39 டெசிபலுக்குக் கீழே இறங்காது. ஒரு டிகிரி ஃபேஸ் (இரண்டு அலைகளும் நேரத்தில் விலகுவது) வித்தியாசத்தில் 35-லேயே நின்றுவிடும். இரண்டும் காதுக்குக் கேட்காத பிழைகள். மிச்சம் மூலப் பாட்டு மாதிரியே, ட்ரெபிள் மட்டும் கூடி, சுத்தமாகக் கேட்டால் அது இந்த ரகம். மிச்சத்தில் பாட்டில் இல்லாத கரகரப்பு இருந்தால்தான் கவலை. கண்ணை மூடிக்கொண்டு எண்ணை மட்டும் பார்க்கிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கடைசியாகக் காது. அளவுகளைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் காதும் அதே மாதிரி கேட்கத் தொடங்கும், ஆகவே திரை வேண்டும். மச்சானை ஆம்ப்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். உங்கள் பாக்ஸ், உங்கள் அறை. அளவைச் சமமாக்க 200 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு அவுட்புட் வோல்டேஜைப் பாருங்கள். கையில் இருப்பது அந்த மஞ்சள் மலிவு மீட்டராக இருந்தால் அதில் ஏசிக்கு 200 வோல்ட் ரேஞ்சுதான் மிகச் சிறியது, 0.1 வோல்ட்டுக்கு மேல் நுணுக்கம் காட்டாது. 2.83 வோல்ட்டில் 0.1 என்பது 0.3 டெசிபல், போதாது. பாக்ஸைக் கழற்றி டம்மி லோடை மாட்டி 10 வோல்ட்டுக்கு ஏற்றிச் சமமாக்குங்கள், அங்கே 0.1 என்பது ஒரு சதவீதம்தான். பிறகு இரண்டையும் அதே வால்யூம் நிலையில் விட்டுவிட்டு, சத்தத்தை மூலத்தில், போனிலோ லேப்டாப்பிலோ குறைத்துக்கொள்ளுங்கள். வால்யூம் குமிழ்களைத் தொட்டால் சமம் போயிற்று.

மச்சான் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிப் பின்னால் உட்காரட்டும். காசு சுண்டி, தலையா பூவா என்பதைப் பொறுத்து ஒயரை மாற்றி மாட்டட்டும். மாற்றாவிட்டாலும் கழற்றி மாட்டுகிற சத்தம் வரட்டும். பதினாறு தடவை. 12 சரியாகச் சொன்னால், குருட்டு யோகத்தில் அப்படி வர 4 சதவீத வாய்ப்புகூட இல்லை, நம்பலாம். 9, 10 என்றால் நாணயத்தைச் சுண்டியதற்குச் சமம். 1978-இல் வயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகையில் ஜேம்ஸ் மோயர் இப்படித்தான் குவாட் கம்பெனியின் மூன்று தலைமுறை ஆம்ப்புகளை, ஒரு வால்வ், இரண்டு டிரான்சிஸ்டர், வைத்துக் கேட்கவைத்தார். முட்டாத அளவில் ஓட்டியபோது பழகிய காதுகளுக்கே வித்தியாசம் பிடிபடவில்லை.

எந்தப் பாட்டு என்றால், நாதஸ்வரம்–தவிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாதஸ்வரத்தில் ஹார்மோனிக்குகள் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கின்றன, ஆம்ப் போடும் பிச்சை அதில் தெரியாது. தவில் அடி, ஆம்ப் எங்கே முட்டுகிறது என்று பார்க்க மட்டும் நல்லது. பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவும் வேண்டாம். தட்டின் இரைச்சலில் ஆம்ப்பின் குற்றம் மறைந்துவிடும். தனியாக ஒரு புல்லாங்குழல், மெல்லிய பெண் குரல் தம்புராவோடு, வீணையின் ஒரு மீட்டு அடங்கி மறைகிற வால். மணல் இருந்தால் அந்த வாலில் கேட்கும்.

என் ஊகத்தைக் கேட்டால்: பயாஸ் சரியாக இருந்து, டோன் போர்டைக் கழற்றி, அளவைச் சமமாக்கி, இரண்டும் முட்டாமல் ஓடினால், பதினாறில் நீங்கள் எட்டோ ஒன்பதோதான் வாங்குவீர்கள். 12 வாங்கினால் இன்னும் நல்லது, எங்கே பிழை என்று தேடுவதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது, 0.05 வாட் படத்தையும் மிச்சப் பதிவையும் போடுங்கள், பார்க்கிறேன்.

இதற்கெல்லாம் முன்னால், இன்று ராத்திரியே செய்ய வேண்டியது ஒன்று. ஸ்பீக்கர் மாட்டாமல், இன்புட்டை ஷார்ட் செய்து, இரண்டு சேனலின் அவுட்புட்டிலும் டிசி எவ்வளவு என்று பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்தச் சேனலில் பாக்ஸை மாட்டவே மாட்டாதீர்கள். கோன் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும், நீங்கள் தேடிய தெளிவு அங்கேதான் போயிருக்கும்.